கோடைப் பள்ளி தந்த பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"இங்கிலாந்தில் நீங்கள் செய்த ஆசிரியப் பணியைப் பற்றி இவ்வாண்டு விழாவில் பேசவேண்டும்" என்று செயலாளர் அவர்கள் அன்புடன் பணித்தார்கள். என் கணவர் அலுவல் காரணமாக அந்நாட்டில் தங்கியிருந்த காலத்தில், மூன்று கோடைகள், பிற நாடுகளிலிருந்து வந்த மாணவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் இருந்தேன். ஆண்டில் ஆறு வாரம், மிஞ்சினால் பத்து வாரம் நடக்கும் பணி அது. சிறிய பணிதான். ஆயினும் நம் காலனிக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய செய்திகள் இரண்டு அதில் உண்டு. ஒரு மொழி எவ்வாறு ஒருவர் நாவுக்கு வருகிறது என்பது ஒன்று. ஒரு மொழியைக் கற்பிக்கும் தகுதி யாருக்கு உண்டு என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மனத்தில் கொண்டே பேச விழைகின்றேன்.

முதலில் கோடைப் பள்ளி என்பது என்ன என்று சொல்லவேண்டும். இங்கிலாந்தில் பள்ளிகள் ஜூலை மாதத்தில் மூடப்பெற்றுச் செப்டம்பரில் திறக்கின்றன. இடைப்பட்ட வாரங்களில் உறைவிடப் பள்ளிகளின் வகுப்பறைகளும் உணவுக்கூடங்களும் படுக்கை அறைகளும் ஆளின்றிக் கிடக்கும். பல்கலைக்கழக விடுதிகளும் அவ்வாறே. அதே வாரங்களில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் துருக்கியிலும் சீனத்திலும் பிள்ளைகளுக்கு விடுமுறை. ஆங்கிலம் கற்கவேண்டும் என்னும் ஆவலோ, பெற்றோரின் வற்புறுத்தலோ அவர்களைக் கப்பலேற்றியும் விமானமேற்றியும் அனுப்புகிறது. காலியான கட்டடமும் விடுமுறைப் பிள்ளையும் கூடிய இடத்தில் கோடைப் பள்ளி நடக்கிறது. பிரைட்டன், போர்ன்மவுத், ஈஸ்ட்போர்ன், ஹேஸ்டிங்ஸ் போன்ற கடற்கரை ஊர்களிலும், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற கல்வி நகரங்களிலும் இப்பள்ளிகள் மிகுதி. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நம் உழவர் வாக்கு. அந்த ஆசிரியர்களுக்கு ஆடியும் ஆவணியுமே விதைப்பும் அறுப்பும்.

இத்தொழிலின் வரலாறு சுவையானது. 1913-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பிறமொழியாளர்க்கென ஓர் ஆங்கிலத் தேர்வை முதன்முதலாக நடத்தியது. பன்னிரண்டு மணி நேரம் எழுதியும் பேசியும் காட்டவேண்டிய தேர்வு அது. வந்தவர் மூவர், மூவருமே தேறவில்லை. இன்று அதே கேம்பிரிட்ஜின் தேர்வுகளை உலகெங்கும் பெருந்திரளானோர் எழுதுகின்றனர்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, போர்னியோத் தீவில் கூச்சிங் என்னும் ஊரின் முகாமில் அடைபட்டிருந்த ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். ஃப்ராங்க் பெல் என்பது அவர் பெயர். பசியும் நோயும் சூழ்ந்த அம்முகாமில், காவலர் அறியாவண்ணம் உடன் கைதிகளுக்கு மொழி வகுப்புகளை அமைத்தார். வெவ்வேறு மொழி பேசுவோர் ஒருவர் மொழியை ஒருவர் கற்பது பகையைத் தணிக்கும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. விடுதலை பெற்றுத் திரும்பியவர் 1955-இல் கேம்பிரிட்ஜில் ஒரு மொழிப்பள்ளியை நிறுவினார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

ஜான் ஹேகிராஃப்ட், பிரிட்டா ஹேகிராஃப்ட் என்னும் கணவனும் மனைவியும் 1953-இல் ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபா நகரில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினர். 1959-இல் இலண்டனுக்கு வந்தனர். ஆங்கிலம் பேசத் தெரிந்த எவரும் ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. கற்பித்தல் தனிக் கலை என உணர்ந்த அவர்கள், 1962-இல் ஆசிரியர்களுக்கென ஒரு குறுகிய பயிற்சியை ஏற்படுத்தினர். அதிலிருந்து வளர்ந்ததே இன்று 'செல்ட்டா' என வழங்கும் கேம்பிரிட்ஜ் சான்றிதழ். 120 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர் முன் நின்று கற்பித்துக் காட்டவேண்டும். பின்வரிசையில் பயிற்றுநர் அமர்ந்து ஒவ்வோர் அசைவையும் குறித்துக்கொண்டிருப்பார். கோடைப் பள்ளி வேலைக்கு இச்சான்றிதழோ, இதற்கு நிகரான வேறொன்றோ வேண்டும். பிள்ளைகளிடையே பணி புரிவதால், குற்றப் பதிவு ஏதும் இல்லை என்று அரசு தரும் சான்றும் வேண்டும்.

1960-இல் மொழிப்பள்ளிகள் ஒரு கழகமாகக் கூடின. 1965-இல் பெர்ட்டில் ஹல்ட் என்னும் ஸ்வீடன் நாட்டு இளைஞர் தம் நாட்டு மாணவரைக் கோடையில் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்; அது இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. 2004-இல் தனியார் பள்ளிகளின் கழகமும் அரசுக் கல்லூரிகளின் கழகமும் இணைந்து 'இங்கிலீஷ் யூகே' ஆயின. பிரிட்டிஷ் கவுன்சில் இப்பள்ளிகளை ஆய்வு செய்து ஏற்பிசைவு வழங்குகிறது. கோடைப் பள்ளியும் ஆய்வுக்கு உட்பட்டதே.

இனி, ஒரு வாரம் எவ்வாறு நடக்கிறது என்று சொல்கின்றேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகள் பெட்டிகளோடு வந்து இறங்குவர். திங்கட்கிழமை காலையில் நிலையறி தேர்வு. ஐரோப்பியக் குழுமம் 2001-இல் வெளியிட்ட ஆறு படிநிலைகள் உள்ளன. ஏ1 என்பது தொடக்க நிலை, சி2 என்பது முதிர்நிலை. தேர்வைத் திருத்தி, ஒவ்வொருவரோடும் இரண்டு நிமிடம் பேசி, நண்பகலுக்குள் வகுப்புப் பிரித்துவிடவேண்டும். பெரும்பாலும் ஒரு வகுப்பில் 12 முதல் 16 பேர். காலையில் மூன்று மணி நேரம் பாடம். பிற்பகலில் விளையாட்டு, நாடகம், கடற்கரை உலா. வாரத்தில் ஒரு நாள் இலண்டனுக்கோ ஆக்ஸ்ஃபோர்டுக்கோ பயணம். பள்ளி வளாகத்திலேயே தங்கும் ஆசிரியருக்கு மாலை நேரப் பொறுப்பும் உண்டு. பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் அருங்காட்சியக வாயிலிலும் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். உறக்கத்திலும் எண்ணுவோம்!

வகுப்பைப் பிரிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பதினாறு பேரில் பன்னிருவர் ஒரே நாட்டினர் ஆயின், ஆங்கிலம் புத்தகத்தோடு நின்றுவிடும். ஆதலின் பல நாட்டினரையும் கலந்தே அமர்த்த முயல்வார்கள். தங்கும் அறையிலும் அவ்வாறே. ஒரு துருக்கிச் சிறுமியும் ஒரு பிரேசில் சிறுமியும் ஓரறையில் தங்கினால், "சன்னலைச் சாத்தட்டுமா?" என்று கேட்பதற்கும் ஆங்கிலம் ஒன்றே வழி. பிழையோடு கேட்பாள்; அவளும் பிழையோடு விடை சொல்வாள்; சன்னல் சாத்தப்படும். அந்த ஒரு கேள்வியில் அவள் கற்பது, வகுப்பில் ஒரு மணி நேரம் கற்பதைவிட நன்றாக மனத்தில் நிற்கிறது. தேவை இருக்கும் இடத்திற்கே மொழி வருகிறது. இதை நான் மூன்று கோடையும் கண்ணால் கண்டேன்.

கற்பிக்கும் முறையும் இதை ஒட்டியதே. நம் பள்ளிகளில் ஆசிரியர் பேசுவார், மாணவர் கேட்பர். கோடைப் பள்ளியில் ஆசிரியர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறாரோ அவ்வளவு நல்லவர் என்று கருதப்படுவார். இதற்கு ஒரு பழங்கதை சொல்வார்கள். மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் என்பவர் 1878-இல் அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரில் மொழிப்பள்ளி தொடங்கினார். பிரெஞ்சு கற்பிக்க ஓர் உதவியாளரை அமர்த்தினார். வந்தவருக்கோ ஆங்கிலமே தெரியாது! அவ்வேளை பெர்லிட்ஸ் நோய்வாய்ப்பட்டார். சில வாரம் கழித்து எழுந்து வந்து பார்த்தால், மாணவர் யாவரும் பிரெஞ்சு மொழியில் உரையாடிக்கொண்டிருந்தனராம். விளக்கம் சொல்ல வழியில்லாத உதவியாளர், பொருளைக் காட்டியும் செய்து காட்டியும் மாணவரைப் பேச வைத்துவிட்டார். கதையில் சிறிது மெருகு ஏறியிருக்கலாம், கருத்து மெய்யானதே.

எங்கள் வகுப்பில் நாள்தோறும் செய்த ஒரு பயிற்சியைச் சொல்கின்றேன். இருவரை எதிரெதிரே அமர்த்துவோம். ஒருவர் கையில் புகைவண்டி அட்டவணையின் ஒரு பகுதி. மற்றவர் கையில் எஞ்சிய பகுதி. ஒருவர் தாளை ஒருவர் பார்க்கலாகாது. "மதியம் ஒரு மணிக்குள் யார்க் நகரம் சேரவேண்டும், எந்த வண்டியில் ஏறவேண்டும்?" என்பது வினா. கேட்டும் சொல்லியுமே விடை காணமுடியும். விடை கண்டவுடன் அவர்கள் முகம் மலரும். தாங்கள் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசினோம் என்பதே அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வரும்.

இவ்வகைப் பாடத்தை உலகிற்கு வலியுறுத்திக் காட்டிய அறிஞருள் ஒருவர் நம் நாட்டினர் என்பதை இவ்வவையில் சொல்லாமல் இருக்க இயலாது. என். எஸ். பிரபு என்பவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில், கூட்டம் நிறைந்த வகுப்பறைகளில், ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியை முன்னே சொல்லி மனப்பாடம் செய்விப்பதை விட்டு, வரைபடம், புகைவண்டி அட்டவணை, கணக்குப் புதிர் ஆகியவற்றைக் கொடுத்துச் சிந்திக்கச் செய்தார். மனம் பொருளின்மேல் நிற்கும்போதே மொழியின் அமைப்பு உள்ளே படிகிறது என்பது அவர் கொள்கை. 'பெங்களூர்த் திட்டம்' என்று உலகெங்கும் ஆசிரியர் பயிற்சி நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. 1987-இல் அவர் எழுதிய நூலை ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வெளியிட்டது. தென்னாட்டுப் பள்ளிகளில் ஆராயப்பட்ட ஒரு முறையை நான் இங்கிலாந்துக் கடற்கரையில் இத்தாலியப் பிள்ளைகளிடம் கையாண்டேன் என்று எண்ணும்போது மகிழ்ச்சி உண்டாகாமல் இருக்குமா?

இனிப் பிழைகளைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொரு மாணவரும் தம் தாய்மொழியின் சுவட்டைத் தம் ஆங்கிலத்தில் பதித்தே வருகின்றனர். அரபு மொழியில் 'ப' என்னும் வல்லோசை இல்லை. ஆதலின் 'பார்க்' என்னும் பூங்காவை, நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல்லைப்போல் ஒலிப்பர். சீன மொழிப் பேச்சில் அவன், அவள் இரண்டிற்கும் ஒரே ஒலி. வினைச்சொல்லும் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. ஆதலின் ஒரு சீன மாணவர் தம் தமக்கையை 'அவன்' என்பார். 'நேற்றுப் போகிறேன்' என்பார். ஸ்பானியர் 'ஸ்கூல்' என்பதை 'எஸ்கூல்' என்பர். நம் காலனியில் பக்கத்து வீட்டார் 'இஸ்கூல்' என்பதைக் கேட்டிருக்கிறோம் அன்றோ? நம் பாட்டிமாரும் அவ்வாறே சொன்னார்கள். கூட்டொலியில் சொல்லைத் தொடங்கப் பழகாத நா, முன்னே ஓர் உயிரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. அது அறியாமையன்று, நாவின் பழக்கம்.

இதை உணர்ந்த ஆசிரியர் பிழையைக் கண்டு சிரிக்கமாட்டார். பேசும்போது குறுக்கிட்டுத் திருத்தவும்மாட்டார். பேச விட்டு, கேட்ட பிழைகளைக் குறித்துக்கொண்டு, பாடத்தின் இறுதியில் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, "இவற்றைச் செம்மை செய்யுங்கள்" என்பார். ஒருமுறை வகுப்பில் சிரிப்புக்கு ஆளான பிள்ளை மூன்று நாள் வாய் திறவாமல் இருந்ததைக் கண்டிருக்கின்றேன். மூன்று வாரமே தங்கும் பிள்ளைக்கு மூன்று நாள் என்பது பெரிய இழப்பு.

நிற்க. இரண்டாவது செய்திக்கு வருகின்றேன். பெரியவர்கள் பயிலும் வகுப்பு ஒன்றில் முதல் நாளிலேயே ஒரு மாணவர் எழுந்து, "உங்கள் தாய்மொழி ஆங்கிலமா?" என்று கேட்டார். "இல்லை, என் தாய்மொழி தமிழ்" என்றேன். அவர் முகத்தில் சிறிது வாட்டம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெரும்பொருள் செலவிட்டு வந்தவர் அவர். இங்கிலாந்தில் பிறந்தவரே கற்பிக்கவேண்டும் என எதிர்பார்த்து வந்திருக்கிறார். வேலைக்கு விண்ணப்பித்தபோதும், "தாய்மொழியாளரையே எடுப்போம்" என்று ஒரு பள்ளி எனக்கு எழுதியதுண்டு. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அந்நாட்டில் இனம், நாட்டினம் காரணமாக வேலையில் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. சட்டம் இருந்தாலும் வழக்கம் விரைவில் மாறுவதில்லை.

அதே மாணவர் மறு வாரம் ஒரு கேள்வி கேட்டார். "சூரியனைச் சொல்லும்போது 'தி சன்' என்கிறீர்கள், விண்மீனைச் சொல்லும்போது 'எ ஸ்டார்' என்கிறீர்கள். சூரியனும் ஒரு விண்மீன்தானே?" அவர் போலந்து நாட்டினர், அவர் மொழியில் இச்சிறு சொற்கள் இல்லை. நம் மொழியிலும் இல்லை. உடன் பணியாற்றிய ஆங்கிலேய நண்பரிடம் நான் முன்பு ஒருமுறை இதுபோன்ற ஒன்றைக் கேட்டபோது, "அப்படிச் சொல்வதுதான் வழக்கம்" என்றார். அவர் மூச்சு விடுவதுபோல் அதைப் பேசுகிறவர். விதி அவருக்குத் தேவைப்பட்டதில்லை. நானோ பள்ளியில் அந்த விதியைத் தட்டுத் தடுமாறிக் கற்றவள். கேட்பவரும் சொல்பவரும் எதைச் சுட்டுகிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் 'தி' வரும். பலவற்றுள் ஒன்று என முதன்முறை அறிமுகப்படுத்தினால் 'எ' வரும். நமக்கெல்லாம் தெரிந்த சூரியன் ஒன்றே, விண்மீன்களோ எண்ணில. இதைச் சொன்னவுடன் அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அதன்பின் என் தாய்மொழியைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

அறிஞர்களும் இதை ஆராய்ந்துள்ளனர். தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்னும் எண்ணம் ஒரு தவறான நம்பிக்கை என்று ராபர்ட் பிலிப்சன் 1992-இல் எழுதிய நூலில் வாதிட்டார். ஹங்கேரி நாட்டுப் பேராசிரியர் பீட்டர் மெட்யெஷ் 1994-இல், பிறமொழியாளராகிய ஆசிரியரைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். மாணவர் எங்கே இடறுவார் என்பதைத் தாமே இடறி அறிந்தவர் அவர் என்பது அந்நூலின் மையக் கருத்துகளுள் ஒன்று. அதற்காகத் தாய்மொழியாளர் வேண்டாம் என்பதில்லை. மரபுத்தொடரும் ஒலிநயமும் நகைச்சுவையும் அவர்களிடமே கேட்டுப் பழகவேண்டும். எங்கள் ஆசிரியர் அறையில் இருவகையினரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே பாடம் அமைத்தோம்.

அந்த ஆசிரியர் அறையைப் பற்றியும் சொல்லவேண்டும். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர், வேலையில்லாத நாடக நடிகர், ஆராய்ச்சி மாணவர், குளிர்காலத்தில் ஸ்பெயினிலும் கோடையில் இங்கிலாந்திலுமாகக் கற்பித்து வாழ்பவர் எனப் பலர் அங்கே கூடுவர். நட்பு விரைவில் மலரும். ஆகஸ்டு முடிவில் கலையும். வேலைக்கு உறுதி இல்லை. என் மூன்றாம் கோடையில், வரவேண்டிய ஒரு நாட்டுக் குழு வராமையால், இரண்டு வாரம் முன்னதாகவே எங்களில் சிலருக்கு விடை கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாத வாடகைக்கு அப்பணத்தை நம்பியிருந்தவர் எங்களிடையே இருந்தார். பருவத் தொழிலாளர் நிலை எந்நாட்டிலும் ஒன்றே.

உலக நிகழ்ச்சிகளின் அடியும் இத்தொழில்மேல் நேரே விழுகிறது. 2020-இல் பெருந்தொற்றால் கோடைப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து இங்கிலாந்து விலகியபின், 2021 அக்டோபர் முதல் ஐரோப்பியப் பிள்ளைகள் தம் நாட்டு அடையாள அட்டையைக் காட்டி உள்ளே வர இயலாதாயிற்று. பாஸ்போர்ட் வேண்டும் என்றாயிற்று. பிள்ளைகள் பலரிடம் அது இருப்பதில்லை. 2023 டிசம்பரில்தான் பிரான்சு நாட்டுப் பள்ளிக் குழுக்களுக்கு ஒரு விலக்கு அளிக்கப்பட்டது.

விடுமுறை ஊதியத்தைப் பற்றி ஒரு வழக்கும் நடந்தது. பள்ளிப் பருவங்களில் மட்டும் பணியாற்றிய ஓர் இசை ஆசிரியை தொடுத்த வழக்கு அது. ஆண்டு முழுதும் ஒப்பந்தம் இருக்குமாயின், சில வாரமே பணி செய்தாலும், சட்டப்படியான 5.6 வார விடுமுறை குறையாது என்று 2022 ஜூலையில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2024 ஏப்ரல் முதல் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளுக்கு அரசு விதியை மாற்றியது. இன்று பருவப் பணியாளருக்கு, உழைத்த நேரத்தில் நூற்றுக்கு 12.07 பங்கு என்னும் கணக்கில் விடுமுறை சேர்கிறது. வெளிநாட்டில் இத்தகைய பணியில் சேரும் நம் இளைஞர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் விடுமுறை ஊதியம் தனியே வருகிறதா, வார ஊதியத்திலேயே அடங்கியுள்ளதா என்று கேட்டறிவது நலம். தம் விசா அப்பணிக்கு இடந்தருகிறதா என்பதையும் முன்னரே பார்க்கவேண்டும்.

இளைஞர்க்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். பல்கலைக்கழகங்களில் கோடைதோறும் 'பிரீ செஷனல்' என்னும் முன்பருவ வகுப்புகள் நடக்கின்றன. மேற்படிப்புக்கு வந்த அயல்நாட்டு மாணவர், பாடம் தொடங்குமுன் ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்திக்கொள்ளும் வகுப்பு அது. அங்குக் கற்பிப்பது இலக்கணம் மட்டுமன்று. நூலைப் படித்து அதன் வாதத்தைத் தம் சொல்லில் சுருக்குவது, பிறர் கருத்தை எடுத்தாளும்போது அவர் பெயரைக் குறிப்பது, கருத்தரங்கில் பேராசிரியரோடு மாறுபட்டுப் பேசுவது ஆகியவை அங்கே பாடம். மனப்பாடம் செய்ததை அப்படியே எழுதுவதை நாம் பெருமையாக எண்ணிப் பழகியிருக்கிறோம். பெயர் சொல்லாமல் அவ்வாறு எழுதினால் அங்கே அது களவு எனப்படும். ஆசிரியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என நாம் அடங்கியிருந்தால், படிக்கவில்லை என்று எண்ணிக்கொள்வர். வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் இவ்விரண்டையும் இங்கேயே பழகிக்கொண்டு சென்றால் முதல் ஆண்டின் துன்பம் பெரிதும் குறையும்.

பெரியோர்களே! இவ்வளவும் ஆங்கிலத்தைப் பற்றியே பேசினேன். தமிழ்ச் சங்க மேடையில் இது எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஞாயிறுதோறும் இம்மண்டபத்தில் நடக்கும் நம் தமிழ் வகுப்பை எண்ணியே பேசினேன். நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகின்றனர். படிக்கட்டிலும் விளையாட்டிடத்திலும் இந்தி பேசுகின்றனர். வகுப்பில் அ, ஆ எழுதுகின்றனர். திருக்குறள் ஒப்புவித்துப் பரிசும் பெறுகின்றனர். வெளியே வந்தவுடன் தங்களுக்குள் ஒரு சொல்லும் தமிழில் பேசுவதில்லை. ஏன்? அவர்களுக்குத் தமிழ் தேவைப்படவில்லை. துருக்கிச் சிறுமிக்கு இருந்த சன்னல் இவர்களுக்கு இல்லை.

அச்சன்னலை நாம் அமைக்கவேண்டும். இந்தி அறியாத பாட்டிமாரும் தாத்தாமாரும் நம் வீடுகளில் இருக்கின்றனர். ஊரிலிருந்து வந்து, பேச ஆளின்றிப் பால்கனியில் அமர்ந்திருக்கின்றனர். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களை வகுப்புக்கு அழைப்போம். அவர்கள் ஊரின் கோயில், சந்தை, ஆறு ஆகியவற்றைக் கேட்டறிந்து பிள்ளைகள் ஒரு வரைபடம் வரையட்டும். பொங்கல் விழாவிற்கு வேண்டிய பொருள்களின் பட்டியலையும் கணக்கையும் பிள்ளைகளிடமே ஒப்படைத்துத் தமிழில் செய்யச் சொல்வோம். ஒருவர் தாளில் பாதி, மற்றவர் தாளில் பாதி என்னும் பயிற்சியைத் தமிழிலும் செய்யலாம். அடுத்த மாதம் முதல் அதற்கான தாள்களை எழுதித் தர நான் அணியமாக இருக்கின்றேன். பிரபு அவர்களின் முறைக்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டியதில்லை.

கற்பிப்பவர் பற்றாக்குறை என்று ஆண்டுதோறும் பொதுக்குழுவில் பேசுகிறோம். "எனக்கு இலக்கணம் தெரியாது, நான் புலவனல்லன்" என்று பலர் ஒதுங்குகின்றனர். இங்கேயே பிறந்து வளர்ந்து, முயன்று தமிழ் கற்ற இளைஞர் சிலர் நம்மிடையே உண்டு. ழகரம் தமக்குச் சரியாக வரவில்லை என்று அவர்கள் கூசுகின்றனர். அவர்களே இவ்வகுப்புக்கு மிகவும் வேண்டியவர் என்பது என் கருத்து. பிள்ளை எங்கே இடறும் என்பது ஊரில் பிறந்த நம்மைவிட அவர்களுக்கு நன்கு தெரியும். அவர்கள் முன்வரவேண்டும், நாம் துணை நிற்கவேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இந்தி வாடையோடு தமிழ் பேசும்போது விருந்தினர் முன்னே சிரிக்காதீர்கள். "பாட்டி வந்தான்" என்று சொன்னால், "ஆமாம், பாட்டி வந்தாள், என்ன கொண்டுவந்தாள்?" என்று தொடர்ந்து பேசுங்கள். திருத்தமும் ஆயிற்று, பேச்சும் நின்றுவிடவில்லை. மூன்று வாரத்துக்கு வந்த பிள்ளை மூன்று நாள் வாய் மூடியது பெரிய இழப்பு என்றேன். நம் வீட்டில் ஒரு பிள்ளை தமிழில் வாய் மூடினால் அந்த இழப்பு அதன் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். ஊருக்குச் செல்லும்போது தாத்தாவோடு பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்னும் நிலை நம் காலனியில் ஏற்கனவே சில வீடுகளில் வந்துவிட்டது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு. பெற்றோரும் முதியோரும் பிள்ளைகளோடு வரவேண்டும் என வேண்டிக்கொள்கின்றேன்.